வரப்புக் கீரை பறிக்கிறவங்க வாங்க: எது பொன்னாங்கண்ணி, எது இல்லை?

குடமுருட்டிக்கரை
ஞாயிறு, இரவு 10:40

வணக்கம். 12 வருஷம் திருப்பூர்ல இருந்துட்டு போன தை மாசம்தான் ஊருக்குத் திரும்பினேன். திருவையாறு பக்கம், கண்டியூருக்குக் கிட்ட எங்க ஊர். வீட்டுக்குப் பின்னாடி வடிகால் ஓடுது. இன்னைக்குக் காலைல அந்தக் கரையில பொன்னாங்கண்ணி மண்டிக் கிடக்கறதப் பார்த்துட்டு ஒரு மடி நிறையப் பறிச்சு வந்தேன். பாசிப்பருப்பு போட்டுக் கடைஞ்சோம். என் பொண்ணுக்கு நாலு வயசு. அவளுக்குத்தான் முதல்ல நெய் விட்டுப் பிசைஞ்சு ஊட்டினேன்.

அப்புறம் அம்மா ஒரு வாய் வெச்சாங்க. மென்னுட்டே, கடையாம கிடந்த ஒரு தண்டை விரலால நசுக்கிப் பார்த்தாங்க. "இது பொன்னாங்கண்ணி இல்லடா, உள்ள குழலா இருக்கு"ன்னு சொல்லிட்டு சட்டியோட எடுத்துட்டுப் போய்க் குப்பைக்குழியில கொட்டிட்டாங்க.

பொண்ணுக்கு ஒண்ணும் ஆகல, நல்லாத் தூங்கறா. எனக்குத்தான் தூக்கம் வரல. அம்மாவுக்குக் கண் மங்கிப் போச்சு, வயல் பக்கம் வந்து மூணு வருஷம் ஆச்சு. கேட்டா, "கையில குடுத்தா சொல்லுவேன், வாயால கேட்டா எப்படிச் சொல்றது"ங்கறாங்க.

இலை எதிரெதிரா இருக்கு. பொன்னாங்கண்ணிய விடக் கொஞ்சம் பெருசு. பூ வெள்ளை உருண்டை. தண்ணி மேல மெத்தை மாதிரி படர்ந்து மிதக்குது. இது என்ன செடி? இதே மாதிரி இன்னும் எதெது ஆளை ஏமாத்தும்? தெரிஞ்சவங்க கொஞ்சம் பொறுமையாச் சொல்லுங்க.

வெண்ணாறு65
திங்கள், காலை 6:05

தம்பி, முதலில் குழந்தை விஷயம். ஒரு வேளை சாப்பிட்டதால் ஆபத்து செய்யும் செடி இல்லை அது. வாந்தி, பேதி என்று ஏதாவது தெரிந்தால் மட்டும் டாக்டரிடம் காட்டுங்கள்.

நீங்கள் பறித்தது தென் அமெரிக்காவிலிருந்து வந்து நம் வடிகால்களில் நிரந்தரமாகக் குடியேறிவிட்ட நீர்க்களை. அலிகேட்டர் வீட் என்று சொல்வார்கள். பொன்னாங்கண்ணிக்குப் பங்காளிதான், இரண்டும் ஒரே பேரினம். அதனால்தான் முகச்சாயல் அப்படியே இருக்கிறது. விஷம் என்பதற்காக நான் அதை வேண்டாம் என்று சொல்லவில்லை. சாக்கடைத் தண்ணீரில் இருக்கும் ஈயம், காட்மியம் போன்றவற்றை உறிஞ்சி உடம்பில் சேர்த்துவைக்கிற செடி அது. வடிகாலில் என்ன கலக்கிறது என்று உங்களுக்கே தெரியும்.

பிரித்தறியப் பூவைப் பாருங்கள். பொன்னாங்கண்ணியின் வெள்ளைப் பூ இலைக்கக்கத்திலேயே ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும், காம்பே இருக்காது. மற்றதில் பூ ஒரு தனிக்காம்பில் விரல்நீளம் எழும்பி நிற்கும். அடுத்தது தண்டு. உங்கள் அம்மா செய்ததுதான் சரியான சோதனை. வடிகால் செடியின் தண்டைக் கிள்ளினால் நடுவில் காற்றுக்குழல். பொன்னாங்கண்ணியின் இளந்தண்டு அப்படி இருக்காது, மெல்லியதாகத் தரையோடு ஓடிக் கணுவுக்குக் கணு வேர் விடும்.

பூ இல்லாத காலத்தில் சந்தேகம் வந்தால் பறிக்காதீர்கள். பத்து நாள் கழித்துப் போய்ப் பூ வந்ததும் பாருங்கள். வேளாண்மைத் துறையில் 31 ஆண்டு வேலை பார்த்த எனக்கே இலையை மட்டும் காட்டினால் நிச்சயமாகச் சொல்ல வராத செடிகள் நிறைய.

குடமுருட்டிக்கரை
திங்கள், காலை 7:20

ஐயா, ரொம்ப நன்றி. இப்பத்தான் போய்ப் பார்த்துட்டு வந்தேன். நீங்க சொன்ன மாதிரியே பூ காம்புல நிக்குது. பொண்ணு காலைல இட்லி சாப்பிட்டு விளையாடறா.

நடவுக்காரி மகள்
திங்கள், மதியம் 1:48

அண்ணா, உங்க அம்மா சொன்ன "கையில குடுத்தா சொல்லுவேன்"ங்கறதப் படிச்சதும் எங்கம்மா ஞாபகம் வந்துடுச்சு. அதான் வேலைக்கு நடுவுல உக்காந்து எழுதறேன்.

எங்க ஊர் மன்னார்குடி பக்கம். அம்மா முப்பது வருஷத்துக்கு மேல நடவு, களைன்னு போனவங்க. லீவு நாள்ல நானும் கூடப் போவேன். களை எடுக்கறவங்க செடியைப் பார்த்துக் கண்டுபிடிக்கறாங்கன்னு நெனைப்போம். அது பாதிதான். குனிஞ்ச வாக்குல, தண்ணிக்குள்ள கையை விட்டு, தொட்டே பிரிப்பாங்க. நெல்லுக்கு நடுவுல முளைக்கற குதிரைவாலிப் புல்லு நெல்லு மாதிரியே இருக்கும். எனக்கு அம்மா சொல்லிக் கொடுத்தது: தாளும் உறையும் சேர்ற இடத்துல நகத்தை வெச்சு இழு. நெல்லுன்னா அங்க சின்னதா ஒரு நாக்கு வெள்ளையா நிக்கும். புல்லுன்னா மொழுக்குன்னு இருக்கும். அதப் பிடுங்கு. எட்டு வயசுல கத்துக்கிட்டது, இன்னைக்கும் விரல்ல இருக்கு.

பிடுங்கற களை எல்லாத்தையும் வரப்புல வீச மாட்டாங்க. ஆரைக்கீரை வந்தா மடியில போகும். சேத்துல கொடியா ஓடி, ஒவ்வொரு காம்பு உச்சியிலயும் நாலு இலை கூட்டல் குறி மாதிரி விரிஞ்சிருக்கும். சாயங்காலம் ஆனா மடக்கிக்கும். இளசு, ஆட்டு வால் மாதிரி சுருண்டு வெளிய வரும். அதுக்குப் பூவே கிடையாது. வரப்பு மேல, காய்ஞ்ச இடத்துல மூணு இலையோட மஞ்சப் பூ பூத்தா அது புளியாரை. அதைத் துவையல் அரைக்கலாம், வாய்ல போட்டா புளிக்கும். "ஆரைக்கு நாலு, புளியாரைக்கு மூணு"ன்னு அம்மா சொல்லுவாங்க.

வள்ளைக்கீரை வாய்க்கால் ஓரம் தண்ணி மேல மிதக்கும். அதுவும் குழல்தண்டுதான். அதனால குழல்னாலே தப்புன்னு முடிவு பண்ணிடாதீங்க. வள்ளை இலை அம்பு முனை மாதிரி, பூ புனல் மாதிரி, வெளிர் ஊதா. அதே புனல் பூவோட ஆள் உசரத்துக்குக் கட்டையா நிமிர்ந்து நிக்கறது நெய்வேலிக் காட்டாமணக்கு. நம்ம வடிகால் கரை முழுக்க அதுதான். ஆடு கூடக் கடிக்காது, வேற தீனியே இல்லாம கடிச்ச ஆடு தலை ஆடி, நடக்க முடியாமப் போகும். அத அடுப்புக்குக் கூட எங்க வீட்ல சேர்க்க மாட்டாங்க.

சாரணையும் மூக்கிரட்டையும் உளுந்து வயல்ல பக்கத்துல பக்கத்துல படர்ந்திருக்கும். ரெண்டுலயும் ஒரு இலை பெருசு, எதிர் இலை சிறுசு. மூக்கிரட்டை இலையத் திருப்பிப் பார்த்தா அடிப்பக்கம் வெளுத்துத் தெரியும், சின்னச் சின்ன சிவப்புப் பூ மெல்லிசுக் கிளையில நிக்கும், காய் பாவாடையில ஒட்டிக்கிட்டு வீடு வரைக்கும் வரும். சாரணை சதைப்பத்தா இருக்கும், பூ இலைக்கக்கத்துலயே ஒளிஞ்சிருக்கும். ரெண்டும் எங்க வீட்ல கீரைதான். ஆனா வயித்துப் பிள்ளைக்காரிக்குச் சாரணை குடுக்க மாட்டாங்க.

இப்ப களை எடுக்க ஆள் கூப்பிடறது குறைஞ்சு போச்சு. மருந்து அடிச்சுடறாங்க. ஆரையும் போச்சு, அம்மா கூடப் போன பெரியம்மாங்களும் நூறு நாள் வேலைக்குப் போயிட்டாங்க. எனக்குப் பொண்ணு இருக்கா. அவளுக்கு எந்த வயல்ல கொண்டுபோய்க் கையில குடுத்துக் காட்டறதுன்னு தெரியல.

கடைமடைக்காரன்
திங்கள், இரவு 8:30

தங்கச்சி எழுதினது மனசைத் தொட்டுச்சு. ஆனா நான் மருந்து அடிக்கிறவன், அத மறைக்க விரும்பல. திருத்துறைப்பூண்டி பக்கம் கடைமடை எங்களுக்கு. மேட்டூர் ஜூன் 12 திறந்தாலும் தண்ணி எங்ககிட்ட எப்ப வரும்னு சொல்ல முடியாது. அதனால புழுதியிலயே நேரடியா விதைக்கிறோம். நட்ட வயல்ல தண்ணி நின்னு களையை அமுக்கும். விதைச்ச வயல்ல நெல்லும் களையும் சேர்ந்தே முளைக்குது. கை களைக்கு ஆள் கிடைக்கற நேரத்துக்குள்ள பயிர் அமுங்கிடும்.

அதனால கீரை பறிக்கிறவங்களுக்கு நான் சொல்றத மனசுல வாங்கிக்கங்க. வரப்புக்கு கிளைபோசேட்ங்கற களைக்கொல்லி அடிச்சா நாலஞ்சு நாள் வரைக்கும் செடி பச்சைப் பசேல்னுதான் நிக்கும். அப்புறம்தான் மஞ்சளாகும். அந்த நாலஞ்சு நாள்தான் ஆபத்து, பார்த்தா ஒண்ணும் தெரியாது. 2,4-டிங்கற இன்னொரு களைக்கொல்லி அடிச்சிருந்தா மறுநாளே தண்டு முறுக்கிக்கும், இலை சுருளும், ஒரு கார வாடை இருக்கும். முறுக்கின செடியத் தொடாதீங்க. வரப்பு ஒரு பக்கம் மட்டும் கோடு போட்ட மாதிரி காய்ஞ்சிருந்தா அந்த வயல் பக்கமே வேணாம்.

எங்க ஊர்ல ஒரு ஏற்பாடு செஞ்சிருக்கோம். அடிக்கிற அன்னைக்கு வரப்புத் தலைப்புல குச்சி நட்டு ஒரு துணி கட்டிடுவோம். ஆடு மேய்க்கிறவங்களுக்காக ஆரம்பிச்சது, கீரைக்கும் ஆகுது. பதினஞ்சு நாள் கழிச்சுத்தான் அவுப்போம்.

நடவுக்காரி மகள்
திங்கள், இரவு 9:15

நீங்க மறைக்காமச் சொன்னதுக்கு நன்றி அண்ணா. உங்க கஷ்டம் புரியாம நான் எழுதல. கடைமடையில புழுதி விதைப்பு எங்க ஊர்லயும் வந்துடுச்சு. ஆனா வரப்புக்கு அடிக்கணுமா? வயல் சரி, பயிர் போயிடும். வரப்புல இருக்கறது யாருக்கும் கெடுதல் பண்ணல. மம்முட்டியால வரப்பு வெட்டினா போதும்.

கடைமடைக்காரன்
திங்கள், இரவு 9:31

வரப்பு வெட்டவும் ஆள்தான் வேணும் தங்கச்சி. ஆனா நீங்க சொல்றத யோசிக்கிறேன். வீட்டை ஒட்டின வயல்ல மட்டுமாவது வரப்பை விட்டுடலாம்.

மூலிகைப்பிரியன்
செவ்வாய், காலை 5:50

எல்லாரும் பயமுறுத்தறீங்களே! நம்ம மண்ணுல இல்லாத மருந்தா? கீழாநெல்லி ஒரு கைப்பிடி அரைச்சு மோர்ல கலக்கி வெறும் வயித்துல ஏழு நாள் குடிச்சா மஞ்சள் காமாலை பறந்துடும். ஆஸ்பத்திரியே தேவையில்ல. குப்பைமேனிக் கீரையும் வாரம் ஒரு தடவை சேர்த்துக்கங்க, ரத்தம் சுத்தமாகும்.

அரசலாறு வைத்தியர்
செவ்வாய், காலை 11:10

நான் சித்த மருத்துவம் படித்தவன், கும்பகோணம் பக்கம் மருத்துவம் பார்க்கிறேன். கீழாநெல்லியை நான் தினமும் பயன்படுத்துகிறேன். அதனால்தான் மேலே உள்ள பதிவை அப்படியே விட்டுவிட மனம் வரவில்லை.

காமாலை என்பது நோயின் பெயரில்லை, அடையாளம். அசுத்தமான தண்ணீரால் வரும் ஹெபடைடிஸ் ஏ பெரும்பாலும் சில வாரங்களில் தானாகவே அடங்கும். அப்போது எதைக் குடித்தாலும் அதனால் குணமானதாகத் தோன்றும். பித்தநாளத்தில் கல் அடைத்தாலும் கண் மஞ்சளாகும். அந்தக் கல்லைக் கீழாநெல்லி கரைக்காது. ஹெபடைடிஸ் பி கிருமிக்கு இந்தச் செடி பலன் தருகிறது என்று 1988இல் சென்னையிலிருந்து போன ஓர் ஆய்வு லான்செட் என்ற மருத்துவ இதழில் வெளியானது. உலகமே திரும்பிப் பார்த்தது. பிறகு வேறு இடங்களில் செய்த ஆய்வுகளில் அதே பலன் கிடைக்கவில்லை. இரண்டையும் சேர்த்துச் சொல்வதுதான் நேர்மை.

செடியிலும் குழப்பம் உண்டு. இலைக்காம்பின் அடியில் காய்கள் வரிசையாகச் சின்னக் காம்பில் தொங்கி, தண்டு பச்சையாக இருந்தால் கீழாநெல்லி. தண்டு செம்மை பூத்து, காய் காம்பில்லாமல் ஒட்டிச் சொரசொரப்பாக இருந்தால் அது வேறு இனம். கட்டு கட்டாக விற்பவற்றில் இரண்டும் கலந்தே வருகின்றன, நானே பிரித்து ஒதுக்கியிருக்கிறேன்.

குப்பைமேனியைக் கீரையாக உண்ணச் சொல்வது இன்னும் கவலையானது. ஜி6பிடி என்ற நொதி பிறவியிலேயே குறைவாக உள்ளவர்கள் இருக்கிறார்கள், அவர்களில் பலருக்கு அது தெரியவே தெரியாது. அப்படிப்பட்டவர்கள் குப்பைமேனி சேர்த்த இலைக்கஞ்சி குடித்து ரத்தச் சிவப்பணுக்கள் உடைந்து மருத்துவமனைக்கு வந்ததை 1996இல் இலங்கை மருத்துவர்கள் பதிவு செய்தார்கள். மேல்பூச்சுக்கு வைத்துக்கொள்ளுங்கள், சொறி சிரங்குக்கு நல்லது. உள்ளுக்கு வேண்டாம்.

தஞ்சையில் இரண்டாம் சரபோஜி 1798 முதல் 1832 வரை ஆண்டார். அவர் அமைத்த தன்வந்திரி மகாலில் நோயாளி யார், என்ன மருந்து, என்ன பலன் என்று எழுதிவைத்தார்கள். நம் மண்ணின் மருத்துவம் என்று நான் பெருமைப்படுவது அந்த எழுதிவைக்கிற பழக்கத்தைத்தான்.

கொல்லைப்புறம்
செவ்வாய், மாலை 4:02

வைத்தியர் ஐயா சொன்ன பித்தக்கல், எங்க சித்தப்பாவுக்கு நடந்தது. கண் மஞ்சளானதும் மூணு வாரம் கீழாநெல்லி அரைச்சுக் கொடுத்தோம். பத்தியம் அவ்வளவு சுத்தமா இருந்தாரு, உப்புகூடச் சேர்க்கல. காய்ச்சலும் குளிரும் வந்து தூக்கிட்டு ஓடினப்பதான் கல்லுன்னு தெரிஞ்சுது, சீழ் பிடிச்சிருந்தது. பிழைச்சுட்டாரு, ஆனா நாப்பது நாள் படுக்கை. அரைச்சுக் கொடுத்தது நான். மூலிகைப்பிரியன் அண்ணா, உங்க மேல கோபம் இல்ல. அந்த "ஆஸ்பத்திரியே தேவையில்ல"ங்கற வரிய மட்டும் எடுத்துடுங்க.

மூலிகைப்பிரியன்
செவ்வாய், மாலை 6:40

எடுக்கப் பார்த்தேன், நேரம் கடந்துட்டதால திருத்த முடியல. அதனால இங்கயே சொல்றேன்: அந்த வரி தப்பு. கண் மஞ்சளானா முதல்ல ரத்தம் பரிசோதிங்க. குப்பைமேனி பத்தித் தெரியாம எழுதிட்டேன், மன்னிக்கணும்.

உப்பளத்துப் பொண்ணு
புதன், காலை 10:25

வேதாரண்யத்துலேர்ந்து எழுதறேன். நீங்க எல்லாம் நல்ல தண்ணிக் கீரை பேசறீங்க, எங்களுக்கு உவர்மண்ணுக் கீரை. உமிரி. உப்பளக் கரையில, முத்துப்பேட்டை அலையாத்தி ஓரத்துல தரையோட இருக்கும். இலை தட்டையா இருக்காது, அரிசிய நீட்டி உருட்டின மாதிரி குண்டா இருக்கும். வெயில் ஏற ஏற செவந்துடும், அப்ப பறிக்க மாட்டோம். மழைக்குப் பின்னாடி பச்சையா தளதளன்னு இருக்கறப்ப நுனிய மட்டும் கிள்ளி, கொதிக்கற தண்ணியில போட்டு, அந்தத் தண்ணிய முழுசா வடிச்சுட்டு, இன்னொரு தடவை அலசிப் பிழிஞ்சு, எறாலோட சின்ன வெங்காயம் போட்டு வதக்குவோம். உப்பு போடவே கூடாது. ரத்தக்கொதிப்பு இருக்கறவங்க வீட்ல செய்ய மாட்டோம்.

கிழங்கு தோண்டறவங்களுக்கு ஒண்ணு சொல்லணும். எங்க பக்கம் வேலியில செங்காந்தள் ஏறும், விதைக்காகப் பயிரும் வைக்கறாங்க. மாநிலப் பூ, தீ மாதிரி அழகு. அதோட கிழங்கு கலப்பை மாதிரி வளைஞ்சு, சக்கரவள்ளிக் கிழங்கு நிறத்துலயே இருக்கும். எங்க தெருவுல ஒரு பையன் சுட்டுத் தின்னுட்டான். ரெண்டு மணி நேரத்துக்கு ஒண்ணுமே இல்ல. அதுக்கப்புறம் வாந்தி, பேதி நிக்கவே இல்ல. உடனே கொண்டு போனதால உயிர் பிழைச்சான், ஒரு வாரம் கழிச்சு முடியெல்லாம் கொத்துக் கொத்தாக் கொட்டிடுச்சு. கொடி காய்ஞ்சு போனப்புறம் மேல அடையாளமே இருக்காது. பச்சையா இருக்கறப்பவே பாருங்க: இலை நுனி சுருண்டு பக்கத்துச் செடியப் பிடிச்சிருக்கும். அந்த இடத்துல பின்னாடி என்ன கிழங்கு கிடைச்சாலும் கையில எடுக்காதீங்க.

கோடியக்கரைக் காட்டுக்குள்ள மூலிகை பறிக்க ஆள் வர்றாங்க. அது 1967லேர்ந்து சரணாலயம். செடி, வேர் எதுவும் எடுக்கக் கூடாது.

கொல்லைப்புறம்
புதன், பகல் 12:15

நர்சரியில "மஞ்சள் கரிசாலை"ன்னு குடுத்தாங்க. இலை மூணு பிளவா இருக்கு, பூ மஞ்சள், வேகமா தரை முழுக்கப் படருது. சாப்பிடலாமா?

வெண்ணாறு65
புதன், மாலை 5:30

வேண்டாம் அம்மா. இலை மூன்று பிளவாக இருந்தால் அது பூங்காவில் தரையை மூட வைக்கும் அலங்காரச் செடி. மஞ்சள் கரிசாலையின் இலை நீண்டு, பிளவில்லாமல் இருக்கும். வெள்ளைக் கரிசாலை என்றால் இலையைக் கசக்கி உள்ளங்கையில் வைத்துக் கொஞ்சம் பொறுங்கள், சாறு கருத்துவிடும்.

வல்லாரைக்கும் இதே கதை. கடையில் தொட்டியோடு விற்பதில் காம்பு இலையின் நடுவில் குடைக்கம்பி போல் சேர்ந்திருந்தால் அது வல்லாரை இல்லை. வல்லாரையில் காம்பு இலையின் பிளவில்தான் சேரும். உண்மையான வல்லாரையே ஆனாலும் வாய்க்காலில் பறித்ததைப் பச்சையாகத் துவையல் அரைக்காதீர்கள். மாடு இறங்கும் தண்ணீரில் புழு முட்டைகள் இருக்கும். வேகவைத்தே சாப்பிடுங்கள்.

குடமுருட்டிக்கரை
ஞாயிறு, இரவு 9:05

ஒரு வாரமா எல்லாத்தையும் படிச்சுட்டேதான் இருந்தேன். இன்னைக்குக் காலைல அம்மாவை வண்டியில உக்கார வெச்சு வயலுக்குக் கூட்டிட்டுப் போனேன். களத்துமேட்டு வேப்ப மரத்தடியில பாயைப் போட்டு உக்கார வெச்சேன். நானும் பொண்ணும் வரப்பு வரப்பாப் போய் ஒவ்வொண்ணுலயும் ஒரு கொத்து பறிச்சு வந்து கையில குடுத்தோம்.

அம்மா கண்ணைத் திறந்து பார்க்கவே இல்ல. இலையோட அடிப்பக்கத்தைக் கட்டை விரலால தடவறாங்க, காம்பை ஒடிக்கறாங்க, மோந்து பார்க்கறாங்க. "மூக்கிரட்டை." "இது புல்லு, போடு." "புளியாரை, பாப்பாவுக்குக் குடு." பொன்னாங்கண்ணி வந்தப்போ தண்டை உருட்டிப் பார்த்து, பூ ஒட்டியிருக்கற இடத்தை நகத்தால தேடிப் பிடிச்சு, "ஆங், இதுதான்"னாங்க. அந்தச் செடிய எந்த வரப்புலேர்ந்து எடுத்தேன்னு பொண்ணு நோட்டுல படம் போட்டு வெச்சிருக்கா. நான் பக்கத்துல பேரும் தேதியும் எழுதினேன்.

ஒரு கொத்து மட்டும் மோந்துட்டு அப்படியே தள்ளி வெச்சுட்டாங்க. "செடி நம்மளுதுதான். ஆனா மருந்து வாடை அடிக்குது, வேணாம்." எனக்கு எந்த வாடையும் தெரியல. நல்ல மூக்கிரட்டை, பச்சையா இருந்துச்சு. கை கழுவிட்டுத்தான் அடுத்ததைத் தொட்டாங்க.

மத்தியானம் பொன்னாங்கண்ணியும் மூக்கிரட்டையும் கலந்து, துவரம்பருப்பு, நாலு பல் பூண்டு, ஒரு காய்ஞ்ச மிளகா போட்டுக் கடைஞ்சு சாப்பிட்டோம். சாயங்காலம் அந்த வயல்காரரைப் போய்ப் பார்த்துக் கேட்டேன். வியாழக்கிழமை வரப்புக்கு அடிச்சேன்னு சொன்னார். கடைமடை அண்ணன் எழுதின துணி கட்டற ஏற்பாட்டைச் சொன்னேன். "சரி, கட்டிடறேன், துணி மட்டும் கொண்டாந்து குடு"ன்னார். அம்மாவோட பழைய சிவப்புச் சேலை ஒண்ணு பரண்ல இருக்கு. நாளைக்குக் காலைல கிழிச்சு எடுத்துட்டுப் போறேன்.